மாட்டியவனே கழற்ற வேண்டும்

வாசல் பலகையைப் பெரிய ஃபிட்டர் இரண்டு முறை படித்தார். ‘யார்டு பக்கம் ஜன்னல் வைத்த அறைகள். தூக்கம் வராவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல.’ அதற்குக் கீழே எவனோ சாக்பீஸால் ‘தூக்கம் வந்துவிட்டால் வாடகை தண்டம்’ என்று எழுதியிருந்தான். வீட்டுக்காரர்கள் அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

“இந்த வாசப்படிய நான் மிதிப்பேன்னு கனவுலகூட நினைக்கலம்மா” என்றார்.

“நான் மட்டும் வர்றேன்னுதானே சொன்னேன் அத்தான்” என்றாள் தம்பி மனைவி.

“உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் வீட்ல உக்காந்திருக்கவா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரும் பாவம், பதினோரு வருஷமா நம்மளையே பேசி அலுத்துப் போயிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பதினோரு வருஷங்களுக்கு முன்பு, இந்த வீட்டின் பின்னால் விரிந்து கிடக்கும் ரயில் யார்டில், வேகனுக்கு அடியில் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்த அவருடைய தம்பி செத்துப்போனான். யார்டில் இவரைப் பெரிய ஃபிட்டர் என்றும் தம்பியைச் சின்ன ஃபிட்டர் என்றும் அழைப்பார்கள். இவர்களுடைய அப்பாவும் அங்கேதான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். ஆபத்து விளக்கு தொங்கிக்கொண்டிருந்த வேகன்களை இன்ஜினால் தள்ளிவிட்டார் என்று யார்டு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் டிரைவர் மேல் குற்றம் முடிவாகி, அவருக்கு வேலை போயிற்று. வேலை போன டிரைவர் ஊரை விட்டுப் போகவில்லை. யார்டை ஒட்டியிருந்த மனைவியின் வீட்டு மாடியில் மூன்று அறைகளை எடுத்து வாடகைக்கு விட்டார். ரயில் பைத்தியங்கள் எங்கெங்கிருந்தோ வந்து ஒரு ராத்திரி தங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து வேகன் எண்ணி, சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள்.

இப்போது டிரைவர் மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மூடிய கோப்பைத் திறப்பதற்கு இறந்தவரின் மனைவி ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் அவள் வாக்குமூலம். ஆட்சேபம் உண்டு என்று எழுது என்பது பெரிய ஃபிட்டரின் சொல். வழக்கமாக அவர் சொல் அந்த வீட்டில் இரண்டாம் முறை சொல்லப்படுவதில்லை. ஆனால் டிரைவர் அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதில் கேட்டது ஒன்றுதான்: ‘கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி எங்கள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பாருங்கள். ஆபத்து விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதன் பிறகு எது எழுதினாலும் சரி.’

பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்தவள் டிரைவரின் மனைவி. குள்ளமான, வாய் ஓயாத பெண். யாரென்று தெரிந்ததும் ஒரு கணம் அந்த வாய் நின்றது. பிறகு, “வாங்க அண்ணா. வாம்மா தங்கச்சி. படி செங்குத்தா இருக்கும், பாத்து. போன வாரம் ஒருத்தர் இன்ஜின் சத்தம் கேட்ட குஷில ஏறும்போதே வழுக்கி, மூணு படி கீழ வந்துட்டார். அப்பவும் எழுந்து ‘அது எந்த இன்ஜின்’னுதான் கேட்டார்” என்றாள்.

பெரிய ஃபிட்டர் கைப்பிடியைத் தொடாமல் படியேறினார். அறுபத்தெட்டு வயதிலும் அவர் முதுகு நேராக நின்றது. ‘பெரிய ஃபிட்டர் வேகனுக்குத்தான் குனிவார், மனுஷனுக்குக் குனிய மாட்டார்’ என்று யார்டில் ஒரு கேலி உண்டு. அதை அவர் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

மாடி அறையில் டிரைவர் எழுந்து நின்றார். இளைத்துக் கறுத்து, பாதி ஆளாகியிருந்தார். இருவரும் கைகூட அசைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

“வாங்கண்ணே.”

“ம்” என்றார் பெரிய ஃபிட்டர்.

“உக்காரச் சொன்னா உக்காருவீங்களா?”

“வந்த வேலையப் பாப்போம் டிரைவரே.”

டிரைவர் ஜன்னல் கதவுகளைத் தள்ளித் திறந்தார். யார்டு அப்படியே உள்ளே வந்தது.

பதினோரு வருஷமாகப் பெரிய ஃபிட்டர் தவிர்த்த சத்தம் அது. தம்பி போன மூன்றாம் மாதமே அவர் விருப்ப ஓய்வு வாங்கி, குடியிருப்பைக் காலி செய்துகொண்டு, எந்த ரயிலும் கேட்காத பேட்டைக்குக் குடும்பத்தை அழைத்துப் போய்விட்டார். அங்கே ராத்திரிகள் சுத்தமாக, செத்த மாதிரி இருந்தன. அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. இங்கே விளக்குக் கம்பங்களின் மஞ்சள் வெளிச்சத்தில் இருபத்து நான்கு தண்டவாளங்கள் ஈரமாக மின்னின. தூரத்தில் ஒரு இன்ஜின் தள்ள, ஒரு வேகன் அடுத்ததை முட்ட, அந்த முட்டல் வரிசையின் கடைசிவரை ஓடியது. கழுத்துச் சங்கிலியை மேசைமேல் மெல்ல இறக்கினால் வருமே, அந்த ஓசையை நூறு மடங்கு பெரிதாக்கினாற்போல் இருந்தது. சூடான பிரேக் கட்டையின் காந்தல் வாசனை வந்தது. எண்ணெயும் கரியும் கலந்த வாசனை அதன்பின்னே வந்தது. பெரிய ஃபிட்டரின் நெஞ்சு அவருடைய அனுமதி கேட்காமல் நிறைந்தது. துக்க வீட்டில் சிரிப்பு வந்துவிட்டவன்போல் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அது என்ன சத்தம் அத்தான்? கிணுங்குனு?”

“காலி வேகன். பாரம் இருந்தா தொம்முனு விழும், கிணுங்காது.”

“இப்ப விசில் ஊதினது?”

“பின்னால போறேன்னு சொல்றான். ரெண்டு சின்னது, ஒரு பெருசு. அந்தா, கைவிளக்கு மேலயும் கீழயும் ஆடுது பாரு, அது ‘மெதுவா வா’. குறுக்க வீசினா நிறுத்து.”

அவள் நாற்காலியை ஜன்னலுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினேழாம் பாதையில் நிற்பவை தானிய வேகன்கள், அவற்றின் கதவு எப்போதும் தொந்தரவு. ஆறாம் பாதையில் ஒரு சக்கரம் தட்டையாகித் தட்டுகிறது, நாளைக்குள் பார்க்காவிட்டால் தண்டவாளத்தைக் கெடுக்கும். டிரைவரும் தன்னை மறந்து, “அது நாலாவது வேகன்ண்ணே” என்றார். “அஞ்சாவது. காது அடைச்சுப் போச்சா உனக்கு?” என்றார் பெரிய ஃபிட்டர். வேகன்கள் விளக்குக் கம்பத்தைக் கடந்தபோது மூவரும் எண்ணினார்கள். ஐந்தாவதுதான்.

தேநீர் கொண்டுவந்த டிரைவரின் மனைவி, “இந்த ஜன்னல்ல உக்காந்தா எதிரியும் கூட்டாளிதான். அதுக்குத்தான் வாடகை வாங்கறோம்” என்றாள்.

“நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல அத்தான்” என்றாள் தம்பி மனைவி. “அவரும் இப்படித்தான் பேசுவாரு. சாப்பிடும்போதுகூட வேகன்தான். நான்தான் காது கொடுத்துக் கேக்காமலே இருந்துட்டேன்.”

பெரிய ஃபிட்டர் தேநீரைக் கீழே வைத்தார். அப்போதுதான் பதினோராம் பாதையில், நீண்ட வேகன் வரிசையின் கடைசியில், ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

ஒரு ஃபிட்டர் தன் விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு வேகன்களுக்கு நடுவே மறைந்தான். விளக்கு அங்கிருந்து முந்நூறு கஜம் இருக்கும். நடுவில் லேசான பனி வேறு. இருந்தும் அது புண்ணைப்போல் தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் அங்கேயே திரும்பியது.

“இதாம்மா” என்றார் டிரைவர். குரல் அடங்கிவிட்டது. “வேகனுக்கு அடியில ஆள் இருக்குன்னு அர்த்தம். யார் மாட்டினாங்களோ அவங்களேதான் கழட்டணும். கடவுளே இறங்கி வந்தாலும் வேற ஆள் தொடக் கூடாது. இவ்வளவு தூரத்துல இப்படித் தெரியுது. எனக்கு அன்னிக்கு அறுபது கஜம்தான். இதைப் பாத்துட்டுத் தள்ளுவேனாம்மா?”

அவள் வெகுநேரம் அந்த விளக்கையே பார்த்தாள்.

பெரிய ஃபிட்டர் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும், டிரைவர் அன்று எந்த விளக்கையும் பார்க்கவில்லை. ஏனென்றால் விளக்கு அங்கே இல்லை. அதைக் கழற்றியவர் அவர்தான்.

தம்பிக்கு ஒரு மறதி இருந்தது. வேலை முடிந்தபின் விளக்கைக் கழற்றாமல் தேநீர்க் கொட்டகைக்குப் போய்விடுவான். முதல் முறை, வெறும் விளக்குக்குப் பயந்து ஒரு முழு ரயில் நாற்பது நிமிஷம் நின்றது. இரண்டாம் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. மூன்றாம் முறையானால் பணிப் பதிவேட்டில் ஏறும். அப்பாவின் பதிவேட்டில் ஒரு கறை இல்லை, இவருடையதிலும் இல்லை. ஃபிட்டர் வீட்டுப் பிள்ளை கவனக்குறைவானவன் என்று பதிவேட்டில் ஏறுவதை அவரால் பொறுக்க முடியாது. அன்று ராத்திரி வரிசையின் கோடியில் தம்பியின் விளக்கு தொங்குவதைப் பார்த்தார். பக்கத்துப் பாதையில் ஒரு இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. ‘மறுபடியும் மறந்துட்டுப் போயிட்டான், தடிப்பய’ என்று விளக்கைக் கழற்றினார். எரியும் சிவப்பு விளக்கோடு யார்டுக்குள் நடந்தால் எல்லா இன்ஜினும் நின்றுவிடும், அதனால் ஊதி அணைத்தார். கொட்டகைக்குப் போய் நாலு பேர் முன்னால் அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்பது எண்ணம். கொட்டகையில் அவன் இல்லை. திரும்பி ஓடி வரும்போதே அந்த அலறல் கேட்டது.

டிரைவர் ஓடி வருவதற்குள், இருட்டில், விளக்கை மறுபடி ஏற்றி மாட்டியதும் அவர் கைதான். ஏன் மாட்டினார் என்று பல வருஷம் தன்னையே கேட்டிருக்கிறார். முதலில், இன்னொரு இன்ஜின் வந்து மோதிவிடக் கூடாது என்றுதான். அது பொய்யில்லை. ஆனால் அதிகாரிகள் வந்து, ‘விளக்கு இருந்தும் தள்ளியிருக்கிறான்’ என்று சொன்னபோது அவர் வாயைத் திறக்கவில்லை. கைவிளக்குக் காட்டும் ஆள் வரிசையின் மறு கோடியில் நின்றதால் அவனும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தம்பி விளக்கு மாட்டியிருந்தான் என்று பதிவேட்டில் ஏறியது. ஃபிட்டர் வீட்டுப் பேர் பிழைத்தது.

அவர் வேகனுக்குத்தான் குனிவார் என்பார்கள். அன்று வேகனுக்கும் குனிந்து பார்க்கவில்லை.

“இன்னொண்ணும் இருக்கும்மா” என்றார் டிரைவர். “அன்னிக்கு விசாரணைல சொன்னேன், எவனும் எழுதிக்கல.”

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய மண்ணெண்ணெய் விளக்கை எடுத்தார். சிவப்புக் கண்ணாடியும் தகர மூடியும் கொண்டது. இப்போது யார்டில் எல்லாம் பேட்டரி விளக்குகள். அன்று இதுதான். ஏற்றி மேசைமேல் வைத்தார்.

“சத்தம் கேட்டதும் குதிச்சு ஓடினேன். கொக்கில விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிக்கக்கூட நேரமில்ல. உள்ள பாக்கறதுக்கு அதையே புடுங்கினேன். மூடியோட சேத்துத்தான் புடிச்சேன், வெறுங்கையால.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “ஒண்ணும் ஆகல.”

“அப்படின்னா?”

“கொஞ்ச நேரம் போகட்டும். அப்புறம் நீங்களே தொட்டுப் பாருங்க.”

காத்திருந்தார்கள். யார்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வரிசை இழுபட்டு, ஒவ்வொரு இணைப்பும் விறைத்து, பிறகு எல்லாம் ஒன்றாக நகர்ந்தது. பெரிய ஃபிட்டர் வேகன்களை எண்ணினார். நாற்பத்திரண்டு. எண்ணாமல் இருந்தால் எழுந்து போய்விடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அரை மணி கழித்துத் தம்பி மனைவி தகர மூடியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்து விரல்களை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அரை மணிக்கே இப்படி” என்றார் டிரைவர். “அவர் வேலைக்கு இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு எல்லாருமே சொன்னாங்க. அந்த விளக்கு ஒரு மணி நேரம் எரிஞ்சிருந்தா என் தோல் அதோட ஒட்டியிருக்கும். அது ஜில்லுனு இருந்துச்சும்மா.”

அவள் விரலை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பெரிய ஃபிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தூரத்தில் புறப்பட்ட வேகன் மெல்ல உருண்டு வருவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கே வந்து முட்டும் என்று அவருக்குத் தெரியும் என நினைத்தார்.

அது வேறிடத்தில் முட்டியது.

“அப்போ அவர்தான்” என்றாள். “அவர் விளக்கு மாட்டாமலேயே உள்ள போயிருக்காரு. மறதிக்காரர்தானே. அப்புறமா யாரோ பரிதாபப்பட்டு, செத்தவன் பேர் கெட வேண்டாம்னு ஏத்தி மாட்டியிருக்காங்க. அப்படித்தானே?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். “நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். இத்தனை வருஷம் வாய் வரல. போய்ச் சேந்துட்டவன் மேல பழி போட்டு நான் என்ன சம்பாதிக்கப் போறேன்? இப்ப டாக்டர் எனக்கு நாள் சொல்லிட்டாரு. என் பொணத்தத் தூக்கும்போது ‘ஆளைக் கொன்னவன்’னு யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் ஆசை.”

“சொல்ல மாட்டாங்க” என்றாள் அவள். “நாளைக்கு நானே எழுதிக் கொடுக்கறேன். என் புருஷன் கவனக்குறைவா விளக்கு மாட்டாம வேலை செஞ்சாரு, டிரைவர் மேல தப்பில்லன்னு.” அவள் குரல் உடையவில்லை, தேய்ந்தது. “இவ்வளவு நாள் உங்களைத் திட்டாத நாள் இல்ல. சாபம் விட்டிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க. அத்தான், நீங்க என்ன சொல்றீங்க?”

பெரிய ஃபிட்டருக்கு வழி திறந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். டிரைவருக்கு விடுதலை, அவளுக்கு ஒரு முடிவு, தனக்குப் பழைய மரியாதை. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகலாம். செத்தவன் மட்டும் கவனக்குறைவானவன் என்று பதிவேட்டில் ஏறுவான். எந்த ஒரு வரி ஏறக் கூடாது என்று அவர் அந்த விளக்கைக் கழற்றினாரோ, அதே வரி.

மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதினோராம் பாதையில் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த முகம் தெரியாத ஃபிட்டர் சரியாக மாட்டியிருந்தான். கொக்கியின் அடிவரை அழுத்தி, காற்றில் ஆடாமல், கண்ணாடி நேராக இன்ஜின் பக்கம் பார்க்க. தம்பியும் அன்று அப்படித்தான் மாட்டியிருந்தான். கழற்றும்போதுகூட அவருக்கு அது தோன்றியது, ‘மாட்டறது மட்டும் ஒழுங்கா மாட்டுவான்’ என்று.

“அவன் மாட்டினான்” என்றார்.

“என்ன அத்தான்?”

“என் தம்பி விளக்கு மாட்டினான். ஒழுங்கா மாட்டினான். எரிஞ்சிட்டிருந்துச்சு. அவன் மேல ஒரு தப்பும் கிடையாது.” மூச்சு வாங்கினார். “நான் கழட்டினேன்.”

டிரைவரின் மனைவி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

பெரிய ஃபிட்டர் எழுந்து நின்றார். மேலதிகாரி முன் நிற்பதுபோல் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னார். மறதி, எச்சரிக்கை, கூப்பிட்டது, குனியாதது, ஊதி அணைத்தது, கொட்டகை, மறுபடி ஏற்றியது, விசாரணையில் வாய் திறக்காதது. நின்றபடியே சொல்லி முடித்தார்.

முதலில் டிரைவர்தான் பேசினார், அதுவும் யாரிடமும் இல்லை.

“என்னைப் பூனைன்னு சொல்வாங்க யார்டுல. பால் டம்ளரை வேகன் மேல வெச்சா சிந்தாம தள்ளுவான் பூனைன்னு. எவ்வளவு பெருமை எனக்கு. வேற எவனாவது முரடன் தள்ளியிருந்தா முதல் வேகன் முட்டின சத்தத்துலயே சின்ன ஃபிட்டர் வெளிய பாஞ்சிருப்பாரு. நான் சத்தமில்லாம தள்ளினேன்.” முகத்தைத் துடைத்தார். “அதை நினைச்சு நினைச்சே இத்தனை வருஷம் தண்டனைய ஒத்துக்கிட்டேன் அண்ணே. நீங்க பக்கத்துத் தெருவுலதான் இருந்தீங்க, அப்போ.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“ஆமா.”

“ரெண்டு ஆமா” என்றாள் டிரைவரின் மனைவி. அவளுடைய கலகலப்பான குரல் கரகரவென்று இருந்தது. “பதினோரு வருஷத்துக்கு ரெண்டு ஆமா. பெரிய மனுஷன் கொடுத்தது, எடுத்து வெச்சுக்கோங்க.” கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

தம்பி மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு பேர் முன்னால காட்டணும்னு எடுத்துட்டுப் போனீங்களா?”

“ஆமாம்மா. புத்தி வரட்டும்னு.”

“அன்னிக்கு அவர் பொணத்தைக் கொண்டு வந்தப்போ, ‘உன் புருஷன் கடமைல கண்ணா இருந்து செத்தான், தலை நிமிந்து நில்லு’ன்னு சொன்னீங்க. நான் அழக்கூட இல்ல. நிமிந்தே நின்னேன்.” முந்தானையில் சுற்றியிருந்த விரலை விடுவித்துக்கொண்டு, “நாளைக்கு நான் எழுத வேண்டியது ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுங்க” என்றாள்.

“எழுதறேன்.”

“இப்ப அடுத்த அறைக்குப் போங்க.”

அத்தான் என்ற சொல் அதில் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல் இல்லாமல் அவரிடம் பேசியதே இல்லை.

அடுத்த அறையிலும் ஜன்னல் இருந்தது. விளக்கைப் போடாமல் கட்டிலில் படுத்தார். கண் மூடாது என்றுதான் நினைத்தார். வேகன்கள் முட்டின, அந்த முட்டல் வரிசையோடு ஓடித் தூரத்தில் தீர்ந்தது. மறுபடி முட்டின. ஆறாம் பாதையின் தட்டைச் சக்கரம் தட்டிக்கொண்டே எங்கோ போனது. எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, கனவில்லாமல், கல்லைப்போல் தூங்கினார். விடியலில் விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவருக்கு அருவருப்பாக இருந்தது. இப்படி ஒரு ராத்திரியில் சுகமாகத் தூங்கியதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்தார். மற்ற மூவரும் பெரிய அறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்கள். தூங்கியதாகத் தெரியவில்லை. அவர் கதவோரமாகவே நின்றார். பதினோராம் பாதையில் சிவப்பு இன்னும் இருந்தது. விடியல் வெளிச்சத்தில் வெளுத்திருந்தது. ஒரு இன்ஜின் அறுபது கஜம் தள்ளி நின்று காத்திருந்தது. கடைசியில் இரண்டு வேகன்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். முதுகை நிமிர்த்தி, சோம்பல் முறித்து, நிதானமாக வரிசையின் கோடிக்கு நடந்து, தன் விளக்கைத் தானே கழற்றினான். அதுவரை ஜன்னலில் யாரும் நகரவில்லை.

“கிளம்பலாம்” என்றாள் தம்பி மனைவி. டிரைவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர்கள் மூவரும் முன்னால் நடந்தார்கள். டிரைவருக்கு மூச்சு வாங்கியது, மனைவி ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பெரிய ஃபிட்டர் இருபது அடி பின்னால் போனார். தெருவில் எதிர்ப்பட்ட பழைய யார்டு ஆட்கள் இரண்டு பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். வழக்கம்போல் அவர் தலையை மட்டும் அசைத்தார். நாளைக்கு இவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது.

அலுவலகத்தில் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினான். “யார் வாக்குமூலம்?”

“என்னோடது” என்றார் பெரிய ஃபிட்டர்.

அவள் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அவர் பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினார். வயது எழுதினார். ‘ஓய்வு பெற்ற ஃபிட்டர்’ என்று எழுதினார். அடுத்த வரியில் ‘இறந்தவருக்கு என்ன உறவு’ என்று அச்சிட்டிருந்தது. அங்கே பேனா நின்றது. குமாஸ்தா மேசையை விரலால் தட்டினான். யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டுப் பழகாத பெரிய ஃபிட்டர் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். அந்த வரியைப் படித்தாள்.

“எழுதுங்க” என்றாள். “அதை மட்டும் யாராலயும் கழட்ட முடியாதே.”

அவர் ‘அண்ணன்’ என்று எழுதினார். பிறகு குனிந்து, மற்றதை எழுதத் தொடங்கினார்.